சைக்கிளில் போன தந்தி



சென்ற இதழ் உங்கள் கைக்கு வந்து சேர்ந்த வாரத்திலேயே திருவாரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். கையால் எழுதியது. இப்போதெல்லாம் அப்படி வருவது அபூர்வம் என்பதால் அலுவலகத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் படித்தோம். மூன்றாம் பக்கத்தில் அவர் கேட்டிருந்த கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. ‘டிவியைப் போட்டால் ஏவுகணை, டிரோன், இடிந்த கட்டடம். பெரிய நாடுகள் நினைத்ததைச் செய்கின்றன. பிறகு தூதர், தூதரகம், வெளியுறவுத் துறை என்று இத்தனை பேர் எதற்கு? கோட் போட்டுக்கொண்டு கை குலுக்குவதைத் தவிர இவர்களால் ஆவது என்ன?’

அந்தக் கோபம் நியாயமானது. இரண்டு வரியில் பதில் போட்டு வாசகர் கடிதப் பகுதியோடு முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த மாதம் இந்தப் பக்கம் அவருக்காக.

1962 அக்டோபர். வாஷிங்டனில் சோவியத் ஒன்றியத்தின் தூதர் அனத்தோலி டோப்ரினின். வயது 42. அமெரிக்காவில் பொறுப்பேற்று ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அதிபர் கென்னடியின் தம்பியும் அட்டர்னி ஜெனரலுமான ராபர்ட் கென்னடியைச் சந்தித்துப் பேசிவிட்டு வருவார். பேசியதை எல்லாம் எழுதிவைப்பார். தூதரக ஊழியர்கள் அதைச் சங்கேத எண்களாக மாற்றுவார்கள். மாஸ்கோவோடு உடனுக்குடன் ரகசியமாகப் பேச அன்றைக்கு வேறு வழியே கிடையாது. வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்துக்கு ஃபோன் செய்வார்கள். ஒரு கறுப்பின இளைஞர் சைக்கிளில் வந்து நிற்பார். தந்தியை வாங்கிக்கொண்டு மிதித்துப் போவார். வழியில் ஏதாவது ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டு நின்றுவிடாமல் நேரே தந்தி ஆபீசுக்குப் போய்ச் சேரவேண்டுமே என்று வேண்டிக்கொள்வதைத் தவிரத் தங்களால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை என்று டோப்ரினின் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

அந்தத் தந்திகளில் இருந்தது அணு ஆயுதப் போர் வருமா வராதா என்ற கேள்விக்கான பதில். கொண்டுபோன இளைஞருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். அமெரிக்கக் கரையிலிருந்து 90 மைல் தூரத்தில் இருக்கும் கியூபாவில் சோவியத் ஒன்றியம் ரகசியமாக அணு ஏவுகணைகளை நிறுத்தியது. அக்டோபர் 14ஆம் தேதி யு-2 உளவு விமானம் அதைப் படம் எடுத்தது. 16ஆம் தேதி காலை கென்னடியிடம் சொன்னார்கள். அன்றைக்குக் கூடிய ஆலோசனைக் குழுவில் மேலோங்கி நின்ற கருத்து, உடனே குண்டு போட்டு அழித்துவிட வேண்டும் என்பது. அவர்கள் எல்லோரும் படித்தவர்கள், பலர் போரைக் கண்ணால் கண்டவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கும் முதலில் தோன்றியது அடிப்பதுதான்.

கென்னடி ஆறு நாள் எடுத்துக்கொண்டார். அந்த ஆறு நாளை நான் பெரிதாக மதிக்கிறேன். நடுவில், 18ஆம் தேதி, சோவியத் வெளியுறவு அமைச்சர் க்ரோமிக்கோ வெள்ளை மாளிகையிலேயே உட்கார்ந்து, கியூபாவுக்கு நாங்கள் கொடுப்பது தற்காப்புக்கான உதவி மட்டுமே என்று சொன்னார். படங்கள் கைவசம் இருந்தும் கென்னடி அவற்றைக் காட்டவில்லை. 22ஆம் தேதி இரவு தொலைக்காட்சியில் நாட்டுக்கு அறிவித்தபோது அவர் தேர்ந்தெடுத்த சொல்லைப் பாருங்கள். கியூபாவைச் சுற்றிக் கடற்படையை நிறுத்துவதற்கு ‘முற்றுகை’ என்று பெயரிட்டால் சர்வதேசச் சட்டப்படி அது போர்ச் செயல். அதனால் ‘குவாரண்டைன்’ என்றார். கொரோனா காலத்தில் நம் தெருவில் வீட்டு வாசலில் ஒட்டினார்களே, அதே சொல். கடலில் நின்ற கப்பல்கள் அதே கப்பல்கள்தாம். ஆனால் அந்தச் சொல் எதிராளிக்குத் திருப்பி அடிக்க வேண்டிய கட்டாயத்தைத் தரவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு, உரைக்கு ஒரு மணி நேரம் முன்பு, வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் டோப்ரினினை அழைத்து உரையின் பிரதியைக் கையில் கொடுத்தார். இங்கேதான் என் மனம் அதிகம் நிற்கிறது. ஏவுகணை விஷயத்தை மாஸ்கோ தன் சொந்தத் தூதரிடமே சொல்லியிருக்கவில்லை. கியூபாவில் அப்படி எதுவும் இல்லை என்று அவர் அமெரிக்கர்களிடம் உறுதி கூறியிருந்தார், அதை நம்பித்தான் கூறினார். காகிதத்தைப் படித்தபோது கண்ணெதிரே பத்து வயது கூடிப்போனது போல் அவர் இருந்தார் என்று ரஸ்க் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மறுநாள் இரவு ராபர்ட் கென்னடி கொதிப்போடு சோவியத் தூதரகத்துக்கே வந்து, ஏன் எங்களை ஏமாற்றினீர்கள் என்று கேட்டார். டோப்ரினினிடம் பதில் இல்லை. ஆனால் இந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியாது என்பதை எதிரில் இருந்தவர் புரிந்துகொண்டார். அரசின் சொல் பொய்த்துப்போன பிறகும் தூதரின் சொல் பிழைத்தது. நான்கு நாள் கழித்து உலகத்துக்குத் தேவைப்பட்டது அந்த நம்பிக்கைதான்.

நம் மொழியில் இதற்கு ‘இராஜதந்திரம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். தந்திரம் என்ற சொல் காதில் விழுந்ததும் சூழ்ச்சி, ஏமாற்று என்றே மனம் போகிறது. பழைய சொல் ‘தூது’. திருக்குறள் பொருட்பாலில் அதற்கென்று ஓர் அதிகாரமே உண்டு. சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்ப்பதும், எதிராளியின் மனசை உள்ளபடி கண்டு வந்து சொல்வதுமான வேலை. எனக்கு இந்தச் சொல்தான் பிடிக்கிறது. தந்திரக்காரர் ஒருமுறை ஜெயிக்கலாம். அடுத்த முறை அவர் வீட்டு வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள்.

எதிராளியின் மனசைக் கண்டவர் ஒருவர் கென்னடியின் குழுவிலும் இருந்தார். லூவெலின் தாம்ப்சன். 1957 முதல் ஐந்து ஆண்டு மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். ரஷ்ய மொழி தெரியும். சோவியத் தலைவர் குருஷேவின் ஓய்வு இல்லத்தில் குடும்பத்தோடு தங்கிப் பழகியவர். அக்டோபர் 27, சனிக்கிழமை, எல்லாம் கைமீறிப் போய்க்கொண்டிருந்த நாள். முந்தின நாள் குருஷேவிடமிருந்து உருக்கமான நீண்ட கடிதம் ஒன்று வந்திருந்தது. கயிற்றின் இரு முனையையும் நாம் பிடித்து இழுத்தால் நடுவில் இருக்கும் போர் என்னும் முடிச்சு இறுகத்தான் செய்யும் என்று எழுதியிருந்தார். கியூபாமீது படையெடுக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்தால் போதும் என்பதே அதன் சாரம். சனிக்கிழமை காலை மாஸ்கோ வானொலியில் இன்னொரு கடிதம். இதில் துருக்கியில் இருக்கும் அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகளையும் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை கூடியிருந்தது. அன்றைக்கே கியூபா வானில் ஒரு யு-2 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தார். வேறொரு யு-2 வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் போய்விட்டது. கடலுக்கடியில் அணு டார்பிடோவோடு ஒரு சோவியத் நீர்மூழ்கி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

பேச்சால் இனி ஏவுகணைகள் போகாது என்று கென்னடியே நினைக்கத் தொடங்கிய நேரத்தில், தாம்ப்சன் அதிபரின் முகத்துக்கு நேரே அதை மறுத்தார். இன்னும் வாய்ப்பு இருக்கிறது, கியூபாவைக் காப்பாற்றியது நான்தான் என்று தன் மக்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு வழி கிடைத்தால் குருஷேவ் இறங்கி வருவார் என்றார். ஏவுகணைகளை எண்ணிச் சொல்ல அங்கே பலர் இருந்தார்கள். குருஷேவுக்கு எது அவமானம், எது போதும் என்று சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்.

அன்று இரவு ஏழே முக்கால் மணிக்கு ராபர்ட் கென்னடியின் அலுவலகத்தில் டோப்ரினின் வந்து உட்கார்ந்தார். ஏவுகணைகளை எடுத்தால் கியூபாமீது படையெடுப்பு இருக்காது. துருக்கியில் இருக்கும் ஜூபிடர்கள் நான்கைந்து மாதத்தில் போய்விடும், ஆனால் இதை வெளியே சொல்லக் கூடாது, எழுத்திலும் தர முடியாது. பதில் நாளைக்கே வேண்டும். பேசியது அவ்வளவுதான். மறுபடியும் சங்கேதத் தந்தி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாஸ்கோ தன் சம்மதத்தை வானொலியிலேயே வாசித்துவிட்டது. முறைப்படி தூதரகம் வழியாக அனுப்பினால் பல மணி நேரமாகும், அதற்குள் என்ன நடக்குமோ என்ற பயம்.

இந்தக் கதையில் பலரும் மறந்துவிடும் ஒருவரையும் சொல்ல வேண்டும். ஐ.நா.வின் தற்காலிகப் பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட். பர்மாக்காரர். ஐராவதி டெல்டாவில் பந்தனாவ் என்ற சிற்றூரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். அக்டோபர் 24ஆம் தேதி இரு தலைவர்களுக்கும் ஒரே நேரத்தில் கடிதம் எழுதி, இரண்டு மூன்று வாரம் இரு தரப்பும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டார். மறுநாள், உங்கள் கப்பல்களைத் தடுப்புக் கோட்டிலிருந்து விலக்கி வையுங்கள் என்று குருஷேவைத் தனியே கேட்டார். கென்னடிக்குப் பணிந்தோம் என்றால் குருஷேவுக்குத் தலைகுனிவு, ஐ.நா. கேட்டுக்கொண்டதால் விலகினோம் என்றால் மரியாதை. குருஷேவ் ஒப்புக்கொண்டார். நம் ஊரில் இரண்டு பங்காளிகள் முறைத்துக்கொண்டு நிற்கும்போது மூன்றாவது ஆள் ஒருவர் வந்து ‘எனக்காக விடுப்பா’ என்பாரே, அந்த ஒரு வார்த்தைக்காகவே இருவரும் காத்திருந்ததுபோல் விலகிப் போவார்களே, அதேதான்.

மாணவிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பதில் பாதிதான். 1992 ஜனவரியில் ஹவானாவில் நடந்த மாநாட்டில், நெருக்கடியின்போது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மெக்நமாரா அதிர்ந்துபோகும்படி ஓர் உண்மை வெளிவந்தது. 1962இல் கியூபாவில் பெரிய ஏவுகணைகளோடு, போர்க்களத்திலேயே பயன்படுத்தும் சிறிய அணு ஆயுதங்களும் இருந்தன. சோவியத் வீரர்கள் 40,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அமெரிக்க உளவுத் துறைக்கு அதில் கால்வாசிதான் தெரியும். குண்டு போடு, படையை இறக்கு என்றவர்களின் பேச்சு எடுபட்டிருந்தால் அந்தக் கடற்கரையில் என்ன நடந்திருக்கும் என்பதை முப்பது ஆண்டு கழித்துத்தான் அவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் இதில் எனக்கு உறுத்துகிற விஷயங்களும் உண்டு. துருக்கி பற்றிய வாக்கு முழுதாக மறைக்கப்பட்டது. குருஷேவ் அதைக் குறிப்பிட்டு எழுதிய கடிதத்தை ராபர்ட் கென்னடி டோப்ரினினிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். 1963 ஏப்ரலில் ஜூபிடர்கள் சத்தமில்லாமல் அகற்றப்பட்டன. இந்த நெருக்கடி பற்றிய ராபர்ட் கென்னடியின் நூலைப் பதிப்பித்த சோரன்சன், அந்தப் பகுதியைத் தாமே மாற்றியதை 1989இல் மாஸ்கோவில் ஒப்புக்கொண்டார். கால் நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்க மக்கள், நம் அதிபர் அசையாமல் நின்றார், எதிரி பயந்து ஓடினான் என்றே நம்பினார்கள். அசையாமல் நின்றால் போதும் என்ற அந்தப் பொய்ப் பாடம் பிறகு வியட்நாமில் எத்தனை உயிர்களைக் குடித்தது என்று யோசித்தால் மனம் கனக்கிறது. பேச்சு கதவுக்குப் பின்னால் நடக்கலாம், நடந்தே ஆகவேண்டிய நேரங்கள் உண்டு. முடிவையும் கதவுக்குப் பின்னாலேயே வைத்துப் பூட்டியது தவறு என்பது என் கருத்து.

அடுத்தது கியூபா. யாருடைய மண்ணை வைத்து பேரம் நடந்ததோ அவர்களைக் கேட்கவே இல்லை. கியூபத் தலைவர் காஸ்ட்ரோவுக்கு உடன்பாடு தெரிந்தது செய்தி மூலமாகத்தான். அவருடைய கோபத்தை ஆற்றக் குருஷேவ் தன் மூத்த சகா மிகோயனை ஹவானாவுக்கு அனுப்பினார். நவம்பர் 2ஆம் தேதி அவர் போய் இறங்கினார். மறுநாள் மாஸ்கோவிலிருந்து தந்தி: மனைவி அஷ்கென் இறந்துவிட்டார். மிகோயன் திரும்பவில்லை. உடன் வந்த மகன் செர்கோவை இறுதிச் சடங்குக்கு அனுப்பிவிட்டு, மூன்று வாரம் காஸ்ட்ரோவிடம் திட்டு வாங்கிக்கொண்டு பேசித் தீர்த்தார். கை குலுக்குவதைத் தவிர என்ன செய்கிறார்கள் என்று கேட்ட தங்கைக்கு, அந்த 66 வயது மனிதரை ஹவானாவில் அன்றிரவு நினைத்துப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

பெரியவர்கள் பேசும்போது சின்ன நாட்டை வெளியே உட்கார வைக்கும் வழக்கம் கியூபாவோடு தொடங்கியதும் இல்லை, முடிந்ததும் இல்லை. 1938இல் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் நிலத்தை ஹிட்லருக்குக் கொடுத்து நான்கு நாடுகள் கையெழுத்திட்டபோது, செக் பிரதிநிதிகள் விடுதி அறையில் காத்துக்கிடந்தார்கள். 1987 ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஈழத் தமிழர் தரப்பு அதில் கையெழுத்திடவில்லை. பின்னால் நடந்ததை நம் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. தூது தோற்கும் இடங்களைப் பார்த்தால், பாதிக்கப்படுகிறவர் அறைக்குள் இல்லாமல் போனது ஒரு முக்கியக் காரணமாகத் திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

அதே 1962 அக்டோபரில், 20ஆம் தேதி, நம் இமய எல்லையில் சீனப் படை இறங்கியது. கியூபாவில் தவிர்க்கப்பட்ட போர் இங்கே தவிர்க்கப்படவில்லை. முயற்சி இல்லாமல் இல்லை. 1960 ஏப்ரலில் சீனப் பிரதமர் சூ என்லாய் டெல்லிக்கே வந்து ஒரு வாரம் தங்கி நேருவோடு மணிக்கணக்கில் பேசினார். ஆனால் அதற்கு முன்பே, 1959 செப்டம்பரில், இரு அரசுகளின் கடிதங்களும் வெள்ளை அறிக்கையாக நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டிருந்தன. ஜனநாயகத்தில் அதைக் குறை சொல்ல முடியாது, நாடாளுமன்றம் கேட்டால் தந்துதான் ஆகவேண்டும். இருந்தாலும் ஊரறிய எழுதிவிட்ட வாக்கியத்திலிருந்து எந்தத் தலைவரும் ஓர் அங்குலம்கூடப் பின்னால் வர முடியவில்லை. கென்னடிக்கும் குருஷேவுக்கும் கிடைத்த அந்த மறைவான அறை நேருவுக்கும் சூ என்லாய்க்கும் கிடைக்காமல் போனது நம் துயரம்.

கியூபாவுக்குப் பிறகு வாஷிங்டனும் மாஸ்கோவும் செய்த முதல் காரியம் சைக்கிளுக்கு ஒரு மாற்று தேடியதுதான். 1963 ஜூன் 20ஆம் தேதி ஜெனீவாவில் ஓர் உடன்பாடு. ஆகஸ்ட் 30 முதல் இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடி இணைப்பு. சினிமாவில் காட்டும் சிவப்பு டெலிபோன் கிடையாது, தட்டச்சு செய்து அனுப்பும் டெலிபிரிண்டர். லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி வழியாக மாஸ்கோவுக்குப் போகும் கம்பி. குரலில் பேசினால் அவசரத்தில் வார்த்தை தடிக்கும், மொழிபெயர்ப்பு பிசகும். எழுதினால் எழுதும்போதே ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கும் என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். அதே ஆகஸ்டில்தான் நிலத்துக்கு மேலே அணுகுண்டு சோதனை செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தமும் மாஸ்கோவில் கையெழுத்தானது.

இன்றைய நிலையை நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. கம்பிகளுக்குக் குறைவில்லை, ஆட்கள்தாம் குறைகிறார்கள். 2018இல் இங்கிலாந்தில் முன்னாள் ரஷ்ய உளவாளி ஸ்கிரிபால் மீது நடந்த நச்சுத் தாக்குதலுக்குப் பிறகு, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் நூற்றுக்கும் அதிகமான ரஷ்யத் தூதரக அதிகாரிகளை வெளியேற்றின. அமெரிக்கா மட்டும் 60 பேர். ரஷ்யாவும் பதிலுக்கு வெளியேற்றியது. துணைத் தூதரகங்கள் மூடப்பட்டன. ஒற்றர்களை வெளியேற்றும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு, அந்தக் குற்றமும் கொடியது. ஆனால் எதிராளியின் மொழி தெரிந்து, அவர் வீட்டில் சாப்பிட்டு, அவருக்கு எது போதும் என்று அறிந்த ஒரு தாம்ப்சனை உருவாக்க இருபது, முப்பது ஆண்டுகள் ஆகின்றன. நெருக்கடி வந்த பிறகு ஆள் தேடினால் கிடைக்கமாட்டார்.

டோப்ரினின் 1986 வரை, 24 ஆண்டுகள், வாஷிங்டனிலேயே தூதராக இருந்தார். கென்னடியில் தொடங்கி ரீகன் வரை ஆறு அதிபர்களைப் பார்த்தார். 2010 ஏப்ரல் 6ஆம் தேதி மாஸ்கோவில் தம் 90ஆம் வயதில் காலமானார். இரண்டே நாளில், ஏப்ரல் 8ஆம் தேதி, பிராகா நகரில் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் ரஷ்ய அதிபர் மெத்வெதேவும் அணு ஆயுதங்களைக் குறைக்கும் நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2023 பிப்ரவரியில் ரஷ்யா அதில் தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது.

திருவாரூர்த் தங்கைக்கும், இதைப் படிக்கும் மற்ற மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் அயல்மொழி ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். சீனமோ, ரஷ்யமோ, அரபோ, சிங்களமோ, எது கைக்கு எட்டுகிறதோ அது. இந்திய வெளியுறவுப் பணித் தேர்வு உங்கள் ஊரிலிருந்தும் எழுதக்கூடிய தேர்வுதான். எழுதிப் பாருங்கள். எந்தத் தாளில், எந்தப் பாடத்தில் தடுமாறுகிறீர்கள் என்று எங்களுக்குக் கடிதம் போடுங்கள். பதில் கட்டாயம் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்